பின்பக்கத்தையும் தமிழில் அச்சடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உணவு பற்றிய தவறான நம்பிக்கைகளைக் குறித்து நீங்கள் வெளியிட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். மீன் சாப்பிட்டுவிட்டுப் பால் குடித்தால் வெண்புள்ளி வரும், பேதியானால் குழந்தையைப் பட்டினி போட வேண்டும் என்று பாட்டிமார் சொல்லிவந்ததையெல்லாம் எடுத்து, அப்படி இல்லை என்று விளக்கியிருந்தீர்கள். சரிதான். தண்டையார்பேட்டையில் 28 வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்த எனக்கும் அந்தப் போராட்டம் பழகியதுதான். ஆனால் பாட்டி சொன்னதைப் பேசிப் பேசி மாற்ற முடிந்தது. கடையில் விற்கிற உணவுப் பெட்டியில் அச்சாகி வருவதைத்தான் என்னால் மாற்ற முடியவில்லை. என் வீட்டுக்குள்ளேயே அது நுழைந்த கதையைச் சொல்கிறேன்.

2024 டிசம்பர். ஃபெஞ்சல் புயல் மழை வடிந்த சமயம், எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தது. என் பேத்திக்கு அப்போது ஒன்றரை வயது. காலையிலிருந்து நாலைந்து தடவை வயிற்றால் போனது. பேதிக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைப் பவுடரான ஓஆர்எஸ் வாங்கி வரச் சொல்லி மருமகனை மெடிக்கலுக்கு அனுப்பினேன். அவர் கொண்டு வந்தது பவுடர் பாக்கெட் இல்லை, ஸ்ட்ரா ஒட்டிய சின்ன அட்டைப்பெட்டி. ஆரஞ்சுப் படம் போட்டு, பெயரிலேயே ஓஆர்எஸ் என்று பெரிதாக இருந்தது. நானும் அது புது மாதிரி ஓஆர்எஸ் என்றே நினைத்தேன். இனிப்பாக இருந்ததால் குழந்தை ஆசையாக உறிஞ்சிக் குடித்தாள். சாயங்காலத்துக்குள் மூன்று பெட்டி காலி. பேதி நிற்கவில்லை, கூடிவிட்டது. ராத்திரி பத்து மணிக்குக் கண் குழி விழுந்து, அழுதாலும் கண்ணீர் வராத நிலையில் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். பையில் கிடந்த காலிப் பெட்டியை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் திருப்பி, ஒரு வரியை நகத்தால் தொட்டுக் காட்டினார். இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஓஆர்எஸ் இல்லை என்று ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே சர்க்கரை அளவு: 200 மில்லியில் 24 கிராம். உண்மையான ஓஆர்எஸ்ஸில் ஒரு லிட்டருக்கே 13.5 கிராம் குளுக்கோஸ்தான். 200 மில்லிக்குக் கணக்குப் போட்டால் மூன்று கிராம்கூட வராது. அளவான குளுக்கோஸும் உப்பும் சேர்ந்து போனால் குடல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சர்க்கரை மிஞ்சினால், உடம்பில் இருக்கிற தண்ணீர் குடலுக்கு இறங்கி பேதியாகவே வெளியேறும். 1971இல் வங்கதேசத்திலிருந்து வந்த அகதிகளின் முகாமில் காலராவில் கிடந்தவர்களை டாக்டர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோஸும் உப்பும் அளவாகக் கலந்த கரைசலை வைத்துத்தான் காப்பாற்றினார். ஓஆர்எஸ் என்ற அந்தப் பெயரைச் சர்க்கரைத் தண்ணீருக்கு வைத்து விற்றிருக்கிறார்கள். பேத்தி இரண்டு நாளில் தேறிவிட்டாள். எத்தனையோ தாய்மாருக்கு ஓஆர்எஸ் கரைத்துக் காட்டிய என் கை அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லையே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இதற்கு முடிவு கட்டியது. உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஃபார்முலாப்படி இல்லாத எந்தப் பானத்தின் பெயரிலும் ஓஆர்எஸ் என்ற எழுத்து வரக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் விடாமல் போராடியதன் பலன் அது. ஆனால் 2022இல், ஓரத்தில் ஒரு எச்சரிக்கை போட்டால் போதும் என்று அனுமதித்ததும் இதே ஆணையம்தான். அந்த எச்சரிக்கையைத்தான் டாக்டரம்மா எனக்கு நகத்தால் காட்டினார்.

பாலில் கலக்கிக் கொடுக்கிற சத்துபானப் பவுடர் டப்பாக்களும் அப்படித்தான். அங்கன்வாடியில் கேழ்வரகு, கோதுமை, கடலை, வெல்லம் எல்லாம் சேர்ந்த சத்துமாவு கொடுப்போம். ஒரு பெண் அதை வாங்கிப் போய்ப் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு வைத்துவிட்டாள். ஏம்மா என்று கேட்டேன். "அது சும்மா குடுக்கறது டீச்சர், டப்பாவுல இருக்கறதுதான் சத்து" என்றாள். அவள் புருஷனுக்குக் காசிமேட்டில் லோடு வேலை. வேலை இல்லாத வாரத்திலும் கடன் சொல்லி அந்த டப்பா வாங்குவாள். பிள்ளை உயரமாக வளர்வதாக டிவியில் காட்டினார்களாம். டப்பாவைக் கொண்டு வரச் சொல்லிப் பார்த்தேன். 100 கிராமில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. புருஷன் மடியில் கட்டிக்கொண்டு வருகிற நெத்திலியை முள்ளோடு மசித்துக் கொடுத்தாலே பிள்ளைக்குப் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில், அதே அளவு பாலில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. இந்த வகைப் பானங்களை ஹெல்த் டிரிங்க் என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசு 2024 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. எங்கள் பக்கத்து மளிகைக் கடையில் அவற்றுக்கு இன்றைக்கும் அதே பெயர்தான்.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. நம்மை வாங்க வைக்கிற விளம்பரம் நல்ல தமிழில் வருகிறது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது. சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும், மற்ற மொழிகள் கம்பெனியின் இஷ்டம் என்பதுதான் விதி. சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாகப் போட வேண்டும் என்ற நல்ல விதியும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய்க்கு எப்படிப் பயன்படும்? சர்க்கரை என்ற சொல் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ தமிழில் இருந்தால் அவளே பெட்டியைக் கீழே வைத்துவிடுவாள், நான் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் விற்கிற பாக்கெட்டில் சேர்மானமும், சர்க்கரை, உப்பு, கொழுப்பு அளவும் கண்ணில் படுகிற எழுத்தில் தமிழிலும் இருக்க வேண்டும். மாநில அரசு இதை மத்திய அரசிடம் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் பத்திரிகையும் விடாமல் எழுத வேண்டும்.

அதுவரைக்கும் வடசென்னை மெடிக்கல்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பேதிக்கு ஓஆர்எஸ் கேட்டு யார் வந்தாலும், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைக்கிற பவுடர் பாக்கெட்டையே எடுத்துக் கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்த வேண்டாம் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். கையில் காசில்லாமல் நிற்கிறவர்களை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அங்கே இந்தப் பாக்கெட்டையும், 14 நாள் கொடுக்க வேண்டிய ஜிங்க் மாத்திரையையும் இலவசமாகவே தருகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81