சனிக்கிழமை அண்டர்மாட்டுக்குப் போகிற பிள்ளைக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

லண்டனிலிருந்து இரண்டு சிநேகிதிகளோடு வந்து சனிக்கிழமை சுவிஸ் மலையூரான அண்டர்மாட்டில் பனிச்சறுக்கப் போவதாக எழுதியிருந்தாய். வெள்ளி முழுக்கத் தெற்கிலிருந்து ஃப்யோன் என்கிற, மலை தாண்டி இறங்குகிற சூடான காற்று. சனி மத்தியானம் வடமேற்கிலிருந்து குளிர்காற்று வந்து பனி கொட்டும். வானிலை அறிக்கை அப்படித்தான் சொல்கிறது. போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படியான நாளில் எந்தச் சறுக்கு ஓட்டம் வடிவானது என்ற கேள்விக்கு இடமில்லை. எத்தனை மணிக்கு எவ்வளவு உயரத்தில் நிற்கலாம் என்பதை மட்டும் பார்த்து நட.

இடத்தை முதலில் மனதில் பதி. ஊர் ஏறக்குறைய 1,440 மீற்றரில் இருக்கிறது. தெற்கே கெம்ஸ்ஸ்டொக், 2,961 மீற்றர். வடக்கு பார்த்த செங்குத்துச் சரிவு, பனி கெடாது. 1972-இல் சப்போரோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பெர்ன்ஹார்ட் ருஸ்ஸி இந்த ஊர்க்காரர். மேலே இருக்கிற கறுப்பு, அதாவது ஆகக் கடினமான, ஓட்டத்துக்கு அவருடைய பெயர்தான். எதிர்ப்பக்கம் நெட்ஷன், அதற்கு மேல் கூட்ச், 2,300 மீற்றருக்குச் சற்று மேலே. வெயில் பார்த்த பக்கம், சரிவும் இலகு. அதையும் தாண்டினால் ஓபரால்ப் கணவாய், பிறகு செட்ரூன். கொட்டார்ட் கணவாய் பக்கத்திலேயே இருப்பதால், தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வருகிற காற்று இரண்டுக்கும் இந்தப் பள்ளத்தாக்குதான் வாசல்.

கூட்சில் சுவிஸ் வானிலை நிலையத்தின் அளவுகருவி இருக்கிறது. காலமை ஆறு மணிக்கு, ரயில் ஏறமுதல், அதன் கணக்கைக் கைபேசியில் பார். சராசரி வேகத்தை விட்டுவிட்டு வீச்சின் உச்ச வேகத்தைப் பார். லிஃப்டை நிறுத்துவது வீச்சுத்தான். தெற்குக் காற்று 60, 70 கிலோமீற்றர் வீச்சோடு அடித்தால் கெம்ஸ்ஸ்டொக் மேல்பகுதி திறக்கும் என்று நம்பி இருக்காதே. சீட்டை முன்கூட்டியே வாங்கினால் மலிவுதான். என்றாலும் அன்றைக்கு எந்த லிஃப்ட் ஓடுகிறது என்று பார்த்த பிறகு வாங்கு.

ஃப்யோன் நேரத்தில் பனி என்ன ஆகும் என்று விளங்கிக்கொள். ஈரக்காற்று தெற்கே திச்சினோ மாநிலப் பக்கம் ஏறி மழையையும் பனியையும் அங்கே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்து இறங்கும். இறங்குகிற ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஒரு பாகை சூடேறும். அதனால் நெட்ஷன் பக்கத்துப் பனி காலமையே இளகிச் சோறு மாதிரிக் கிடக்கும். ஸ்கீ திடீரென்று பிடித்து நிற்கும், உடம்பு முன்னுக்குப் போகும். முழங்கால் திருகுவது இப்படித்தான். பாரத்தை இரண்டு காலிலும் பகிர்ந்து வை, அகலமான வளைவு எடு, தட்டையான இடத்தில் வேகத்தை விடாதே. ஸ்கீயை வாடகைக்கு எடுக்கும்போது அன்றைக்கு மெழுகு பூசினதா, ஓரம் தீட்டினதா என்று கேள். நடு அகலம் 85 முதல் 95 மில்லிமீற்றர் வரை இருந்தால் இப்படி மாறுகிற பனிக்குத் தோதாக இருக்கும். உன் நிறையையும் சப்பாத்து அளவையும் கூச்சப்படாமல் சரியாகச் சொல்லு. சப்பாத்தை ஸ்கீயோடு பிடிக்கிற பைண்டிங் எத்தனை இறுக்கம் என்பதை அவற்றை வைத்துத்தான் போடுவார்கள்.

ஆகப் பயப்படவேண்டியது மாறுகிற அந்த அரைமணித்தியாலத்துக்கு. தெற்குக் காற்று சட்டென்று விழும். கொட்டார்ட் மேல் சுவர் மாதிரி நின்ற மேகம் கலையும். மலை அமைதியாகிவிட்டது, இனி மேலே போகலாம் என்று தோன்றும். போகாதே. வடக்கே ஷோலெனன் பள்ளத்திலிருந்து சாம்பல் நிறம் ஏறி வருகிறதா என்று அந்த நேரம் திரும்பிப் பார். வந்தால் வெப்பம் கிடுகிடுவென்று இறங்கும், இளகின பனி இறுகிக் கண்ணாடியாகும், அதன் மேல் புதுப்பனி ஐந்து பத்துச் சென்ரிமீற்றர் மூடும். பார்க்கப் பஞ்சு, கீழே பனிக்கட்டி. புதுப்பனியை நம்பிச் சாய்ந்தால் ஓரம் பிடிக்காது. முதல் வளைவில் ஸ்கீயைச் சற்றுப் பக்கவாட்டாகச் சறுக்கவிட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று உள்ளங்காலால் கேட்டுப் பார். அதற்குப் பிறகு வேகத்தைத் தீர்மானி. பதினொன்றரைக்கு நீங்கள் மூவரும் நெட்ஷனிலோ அதற்குக் கீழேயோ நிற்கவேணும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

வெள்ளை மூட்டத்தில் வானமும் நிலமும் ஒன்றாகிவிடும். நிற்கிறோமா ஓடுகிறோமா என்றே தெரியாது, சிலருக்கு வயிற்றைப் பிரட்டும். ஊருக்கு மேலே காடு மிகக் கொஞ்சம். அதனால் மற்ற இடங்களைப் போல மரங்களுக்குள் போய்ப் பார்வையை மீட்க வழியில்லை, ஓட்டத்தின் ஓரக் கம்புகளே உனக்கு மரம். ஒரு கம்பிலிருந்து அடுத்த கம்பு தெரிகிற வேகத்துக்கு மேல் போகாதே. அடுத்தது தெரியாவிட்டால் ஓரமாக, மேலிருந்து வருகிறவனுக்குத் தெரிகிற இடத்தில் நில். மேட்டுக்கு அடியில் ஒருநாளும் நிற்காதே. மூவரில் ஆகப் பயந்தவள் நடுவில், நல்லாகச் சறுக்குகிறவள் கடைசியில் வரட்டும். விழுந்தவளிடம் மேலே ஏறிப்போக முடியாது, பின்னால் வருகிறவள்தான் உதவலாம்.

ஸ்கீக் கண்ணாடியில் மங்கல் ஒளிக்கான வில்லை, எஸ்-1 என்று குறித்தது, வேணும். வெயிலுக்கான எஸ்-3 போட்டால் மூட்டத்தில் குருடுதான். நனைந்த கண்ணாடியை நெற்றிக்கோ ஹெல்மெட்டுக்கோ ஏற்றாதே; தலையிலிருந்து வருகிற ஆவி உள்ளே படிந்து உறையும். உள்பக்கத்தைக் கையுறையால் துடைத்தால் மேற்பூச்சுப் போய்விடும், பிறகு அது எப்போதும் ஆவி பிடித்து மங்கும். கழற்றினால் ஜக்கெட்டுக்குள் வை.

பருத்தி உடுப்பு ஒன்றும் உடம்பில் படவேண்டாம், உள்ளாடை உட்பட. ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். உடம்போடு மெரினோக் கம்பளி, மேலே மெல்லிய ஃபிலீஸ், அதற்கு மேல் நீர் புகாத ஜக்கெட். கையுறை இரண்டு சோடி கொண்டு போ. காலமை ஈரப்பனியில் நனைந்த சோடி மத்தியானம் கட்டையாக உறையும். அந்த நேரம் மாற்று இல்லாதவள் அன்றைய நாளை முடித்துக்கொள்ள வேண்டியதுதான். −8 பாகையில் 50 கிலோமீற்றர் காற்று அடித்தால் தோலுக்கு −19 போல இருக்கும். கன்னத்திலோ மூக்கிலோ வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று லிஃப்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள். சொக்ஸ் ஒன்றே போதும், அதுவும் மெல்லியது. இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் நெரிபட்டுக் கால் இன்னும் குளிரும்.

செட்ரூன் பக்கம் அன்றைக்கு வேண்டாம். 2018-இலிருந்து லிஃப்டாலேயே போய்வரலாம், வெயில் நாளில் அருமையான பயணம். ஆனால் திரும்பிவர மறுபடி 2,600 மீற்றர் முகட்டுக்கு ஏறவேணும். காற்றில் அந்த லிஃப்ட் நின்றால் ஓபரால்ப் ரயில் இருக்கிறது. பனிச்சரிவு அபாயத்தில் அதுவும் நின்றால், குளிர்காலத்தில் கணவாய்த் தெரு பூட்டு. பிறகு டிசென்டிஸ், கூர், சூரிச் என்று சுற்றித்தான் வரவேணும். அரைநாள் போய்விடும், ஸ்கீச் சப்பாத்தோடு.

பனிச்சரிவைப் பற்றி உனக்குப் பள்ளிக்கூட ஸ்கீ முகாமிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். உன் சிநேகிதிகளுக்குத் தெரியாது. ஊருக்கு மேலே முக்கோணமாகத் தெரிகிற சிறு காட்டை அவர்களுக்குக் காட்டு. 1397-இல் எழுதின சாசனத்தாலேயே அதில் மரம் தறிப்பதைத் தடுத்துவிட்டார்கள், ஊரைக் காப்பதற்காக. அப்படியிருந்தும் 1951 தையில் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறு சரிவுகள் விழுந்து 13 பேர் இறந்தார்கள். டாவோஸிலுள்ள பனி ஆராய்ச்சி நிறுவனத்தின் பனிச்சரிவு அறிக்கை பின்னேரம் ஐந்து மணிக்கு வரும், காலமை எட்டுக்குப் புதுப்பிப்பார்கள். அபாயத்தின் ஐந்து படிகளில் மூன்று என்று இருந்தால் நடுத்தரம்தானே என்று நினைக்காதே. ஆகக் கூடுதலானவர்கள் சாவது அந்த மூன்றில்தான். காற்றோடு புதுப்பனி வருகிற நாளில், ஓட்டத்துக்கு வெளியே ஒரு தடம் தெரிந்தாலும் அது யாரோ தப்பின தடம் என்றே எடு. மஞ்சள் குறியிட்ட வழிகளில் பனியைச் சமப்படுத்தமாட்டார்கள், பின்னேரம் கடைசியாக ஆள் வந்து பார்க்கவும்மாட்டார்கள். அன்றைக்கு இலகுவான நீல ஓட்டமும் நடுத்தரமான சிவப்பு ஓட்டமும் போதும்.

ஏதும் நடந்தால் முதலில் மேலே ஸ்கீயைக் குறுக்காக நட்டு மற்றவர்களுக்குக் காட்டு. பிறகு ஓட்டத்து மீட்பு இலக்கத்துக்கு எடு. அதைக் காலமையே கைபேசியில் பதிந்து வை. ரேகா என்கிற சுவிஸ் மீட்புச் சேவையின் ஹெலிகொப்டர் இலக்கம் 1414, ஆனால் அந்த மூட்டத்தில் அதனால் பறக்க முடியாமல் போகலாம். ஆள் வரும்வரை சூடாக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. கைபேசி குளிரில் செத்துவிடும், உள்பையில் உடம்போடு வை.

சூரிச்சிலுள்ள சித்தி வீட்டுக்கு எள்ளுருண்டை அனுப்பியிருக்கிறேன், ஒவ்வொருத்திக்கும் நாலு. சொக்கலேற் குளிரில் கல்லாகும், இதைக் கையுறையோடும் கடிக்கலாம். பத்தரைக்கு இரண்டு சாப்பிடுங்கள், பசி வரும்வரை பார்த்திருக்காதே. கீழே வந்ததும் சப்பாத்தின் உள்ளுறையைக் கழற்றிக் காயவிடு, ஹீற்றருக்குக் கிட்ட வைக்காதே. கோஷனனில் ரயில் மாறும்போது எனக்கு ஒரு அழைப்பு எடு.

அன்புடன்,
அம்மா