தேயிலைப் பெட்டியும் இன்சூரன்ஸ் கடிதமும்

எடிசன், நியூ ஜேர்சி
நவம்பர் 4

அன்புள்ள மகளுக்கு,

மேலே திகதியை இலக்கத்தில் போடாமல் மாதத்தின் பெயரோடு எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? இங்கே மாதம் முன்னால், நாள் பின்னால். போன வருடம் அம்மாவின் கண் டொக்டரிடம் அடுத்த முறை வரவேண்டிய நாளை 05/06 என்று எழுதித் தந்தார்கள். நான் கலண்டரில் ஜூன் 5ஐச் சுற்றி வட்டம் போட்டு வைத்தேன். அவர்கள் மே 6 அன்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். போகாததற்கு 50 டொலர் கட்டினோம். மருமகன் வாடகைக் காரைப் பதியும்போது திகதியை இரண்டு தரம் பார்க்கச் சொல்லு.

நீங்கள் டிசம்பரில் வருவது உறுதி என்று தெரிந்ததிலிருந்து அம்மா நாள் எண்ணுகிறார். சொல்ல நிறைய இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் உன் வார்டில் இருந்து அழைப்பு வந்துவிடும். தபால்காரனின் மகளுக்குக் கடிதத்தில் சொல்வதுதான் சரி.

முதலில் தேத்தண்ணி. லண்டன் கெற்றிலைத் தூக்கிக்கொண்டு வராதே. அங்கே சுவரில் 230 வோல்ற், இங்கே 120. அங்கே 3000 வோற்ஸில் கொதிக்கிற கெற்றில் இங்கே 800 வோற்ஸ் அளவில்தான் வேலை செய்யும், அதனால் ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம். தண்ணீர் கொதிக்கும் முன் அம்மா கறிக்கு வெங்காயம் உரித்து முடித்துவிடுவார். பல வீடுகளில் கெற்றிலே இல்லை. பக்கத்து வீட்டு அம்மா எங்களை முதல் முறை கூப்பிட்டபோது கோப்பைத் தண்ணீரை மைக்ரோவேவில் சூடாக்கி, தேயிலைப் பையை உறையோடு பக்கத்தில் வைத்துத் தந்தார். அன்போடு தந்தார், நாங்களும் குடித்தோம். அடுத்த கிழமை அம்மா அவரைக் கூப்பிட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, பால் விட்டு ஒரு தேத்தண்ணி கொடுத்தார். இப்போது அவர் செவ்வாய்க்கிழமை தோறும் வந்துவிடுகிறார். நீ சாப்பாட்டுக் கடைகளில் ‘ஹொட் டீ’ என்றே கேள். வெறும் டீ என்றால் ஐஸ் போட்டுத் தந்துவிடுவார்கள்.

சொற்களைப் பற்றி உனக்குக் கொஞ்சம் தெரியும். ஆனாலும் நான் தினமும் ஆச்சரியப்படுகிறேன். கத்தரிக்காயை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிரிஞ்சால் என்று படித்தேன். லண்டன் கடையில் அது ஓபர்ஜீன் ஆனது. இங்கே எக்பிளான்ட். ஒரே காய்க்கு மூன்று ஆங்கிலப் பெயர்களை வாழ்நாளில் படித்துவிட்டேன், அம்மாவின் பால்கறி மட்டும் மாறவில்லை. பேத்திக்குச் சூடான சிப்ஸ் வேண்டுமென்றால் ‘பிரைஸ்’ என்று கேள், இல்லாவிட்டால் கிறிஸ்ப்ஸ் பைக்கற்றோடு வருவார்கள். லிப்டில் 1 என்றால் நிலத்தோடு இருக்கிற தளம். மருமகனிடம் யாராவது ‘உங்கள் பான்ற்ஸ் நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால் அவர் கூச்சப்படத் தேவையில்லை, லண்டனில் போல உள்ளாடையை அல்ல, காற்சட்டையைத்தான் சொல்கிறார்கள்.

தபாலைப் பற்றிக் கொஞ்சம் கூட எழுதுவேன், பொறுத்துக்கொள். லண்டன் ஹரோவில் 24 வருடம் கதவுத் துவாரங்களுக்குள் கடிதம் போட்டவன் நான். சில துவாரங்களின் வில்லு விரலைக் கடிக்கும், சிலவற்றின் பின்னால் நாய் காத்திருக்கும். இங்கே வீதியோரத்தில், கம்பத்தின் மேல் ஒரு தகரப் பெட்டி. பக்கத்தில் சின்னச் சிவப்புக் கொடி. அனுப்ப வேண்டிய கடிதத்தை உள்ளே வைத்துக் கொடியை நிமிர்த்திவிட்டால், தபால்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார். தபால் பெட்டியைத் தேடி நடக்கவே தேவையில்லை. பெட்டி நாங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான், ஆனால் முத்திரை ஒட்டாத நோட்டீஸ் ஒன்றைக்கூட வேறு யாரும் அதற்குள் போட முடியாது. சட்டம் அப்படி. இந்த மரியாதையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதைவிட ஒன்று. நாடு முழுக்க ஸ்டியரிங் இடது பக்கம். ஆனால் எங்கள் தெருத் தபால் வண்டியில் மட்டும் வலது பக்கம், அசல் லண்டன் மாதிரி! சன்னலால் கையை நீட்டினால் பெட்டி எட்ட வேண்டும், அதற்காகத்தான். 1987 முதல் 1994 வரை கட்டிய வண்டிகள், இன்னும் ஓடுகின்றன. 1987தானே நான் ஹீத்ரோவில் வந்து இறங்கிய வருடம். அவற்றில் ஏசி இல்லை. ஜூலை வெயிலில் எங்கள் தபால்காரர் வரும்போது அம்மா குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலோடு பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். நானும் தபால்காரனாக இருந்தவன் என்று சொன்ன நாளிலிருந்து அவர் என்னை ‘சேர்’ என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு ‘பிரதர்’ என்கிறார். இந்த உறையில் ஒட்டியிருக்கும் வட்டமான முத்திரையைக் கிழித்துவிடாதே. வெளிநாட்டுத் தபாலுக்கான முத்திரை அது, கட்டணம் கூடினாலும் பழையது செல்லும். பேத்திக்காகச் சேர்க்கிறேன்.

இன்னொன்று, இதை உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. 36 வருடம் லண்டனில் இருந்தேன். எங்கிருந்து வந்தவர் என்று கேட்பார்கள், ஹரோ என்பேன். ‘இல்லை, உண்மையில் எங்கிருந்து?’ என்ற இரண்டாம் கேள்வி வரும். கெட்ட மனதோடு கேட்டார்கள் என்று சொல்லமாட்டேன். இங்கே கடையில் நான் வாயைத் திறந்தவுடன் காசாளர்ப் பிள்ளை நிமிர்ந்து பார்த்து, ‘உங்கள் உச்சரிப்பு எனக்கு நல்ல விருப்பம், எந்த ஊர்?’ என்றாள். லண்டன் என்றேன். ‘நினைத்தேன்!’ என்று சிரித்தாள். அதோடு சரி, இரண்டாம் கேள்வி இல்லை. நான் காருக்குள் வந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பருத்தித்துறையை ஒருநாளும் மறைக்க மாட்டேன், கேட்டால் முழுக்கச் சொல்வேன். ஆனால் லண்டன் என் ஊர் என்று நான் சொல்ல, ஒருவர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது அன்றுதான் முதல் தரம்.

நடப்பதுதான் எனக்குக் குறை. இங்கே பல வீதிகளில் நடைபாதை திடீரென்று முடிந்து புல் தொடங்கிவிடும். முதல் மாதம் மருந்துக்கடைக்கு நடந்து போனபோது மூன்று கார்கள் நின்று, ‘கார் பழுதாகிவிட்டதா? ஏற்றிக்கொண்டு போகவா?’ என்று கேட்டன. நல்ல மனிதர்கள். லண்டனில் முதியோருக்கான இலவச பிரீடம் பாஸை எடுத்துக்கொண்டு எந்த பஸ்ஸிலும் ஏறின என் கால்களுக்கு இது பழக நேரம் எடுக்கிறது.

மருமகன் கார் ஓடுவதானால் சில விஷயங்கள். மஞ்சள் பள்ளிக்கூட பஸ் சிவப்பு விளக்கு மினுக்கி நின்றால் பின்னால் வருகிறவர் மட்டுமல்ல, எதிரே வருகிறவரும் நிற்க வேண்டும். சிவப்பு விளக்கில் நின்று பார்த்து வலது பக்கம் திரும்பலாம், ஆனால் நியூயோர்க் நகரத்துக்குள் பலகையில் எழுதியிருந்தால் தவிர திரும்பக்கூடாது. நியூ ஜேர்சியில் பெற்றோலைத் தானே அடிக்க முடியாது, 1949 முதல் சட்டம். காருக்குள்ளேயே இருக்கட்டும், ஆள் வருவார். நாற்சந்தியில் நான்கு பக்கமும் ஸ்டொப் பலகை இருந்தால் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். கார்கள் அப்படி ஒழுங்காக முறை வைத்துப் போவதைப் பார்க்க எனக்கு நல்ல சந்தோஷம்.

கடையில் போட்டிருக்கும் விலை முழு விலை அல்ல, காசு கட்டும்போது வரி சேரும். இங்கே 6.625 வீதம். உடுப்புகளுக்கு அந்த வரி இல்லை, அதனால் பேத்தியின் குளிர்ச் சட்டையை இங்கே வாங்கலாம். சாப்பாட்டுக் கடையில் டிப்ஸை மறக்காதே, 18 முதல் 20 வீதம். மத்திய அரசின் சட்டப்படி டிப்ஸ் வாங்குகிற வேலையாளுக்கு மணிக்கு 2.13 டொலர் கொடுத்தால் போதும், 1991இலிருந்து அந்தத் தொகை கூடவில்லை. மாநிலங்கள் கூட்டிக் கொடுக்கலாம், இங்கே கூட்டித்தான் கொடுக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைகளின் வாடகை எங்கள் மேசையிலிருந்துதான் போகிறது. பொதுக் கழிப்பறைக் கதவுகளில் இரண்டு பக்கமும் இடைவெளி விட்டிருப்பார்கள். பேத்தி கூச்சப்படுவாள், அம்மம்மா வெளியே காவல் நிற்பார் என்று சொல்லி வை.

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரியில் அம்மா வழுக்கி விழுந்ததை உன்னிடம் சின்ன அடி என்று சொன்னேன். மணிக்கட்டு எலும்பு வெடித்திருந்தது மகள். நீ இரவு வேலையில் இருந்தாய், பதறுவாய் என்று மறைத்தோம். அது பிழை, என்னை மன்னித்துவிடு. வாசல் பனியில் இருந்தபடி, கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா என்னிடம் முதலில் சொன்னது வலிக்கிறது என்று அல்ல. ‘அம்புலன்ஸ் கூப்பிடாதேங்கோ, எவ்வளவு வருமோ தெரியாது’ என்றார். உன்னையும் அண்ணாவையும் லண்டனில் பெற்றவர், அங்கே இரண்டு சத்திரசிகிச்சை செய்தவர், ஒருநாளும் கேட்காத கேள்வி அது. அண்ணா காரில் கொண்டு போனான். தாதிமார் தங்கமானவர்கள், டொக்டர் பொறுமையாக எல்லாம் விளங்கப்படுத்தினார். ஆனால் பிறகு இரண்டு மாதமாகப் பில் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒன்று, டொக்டருக்கு ஒன்று, எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்னவருக்குத் தனியாக ஒன்று, கட்டுப் போட்டதற்கு ஒன்று. இன்சூரன்ஸ் இருந்தும் எங்கள் பங்கு 2,900 டொலர். அந்தச் சிவப்புக் கொடிப் பெட்டியைத் திறக்க எனக்கு விருப்பமில்லாமல் இருந்தது அந்த இரண்டு மாதம்தான்.

போன மாதம் நீ களைத்துப்போய், அங்கத்தைய அரசாங்க மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸை விட்டுவிட்டு, இங்கத்தைய தாதியர் பரீட்சையான என்கிளெக்ஸ் எழுதி இங்கே வரலாமா என்று கேட்டாய். சம்பளம் இங்கே கூட, அது உண்மை. நீ பக்கத்துத் தெருவில் இருந்தால் எங்களைவிடச் சந்தோஷப்பட யார் இருக்கிறார்கள்? அதனால் நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பார். உனக்கு அங்கே வருடத்துக்கு 28 நாளாவது சம்பளத்தோடு லீவு தரச் சட்டம் இருக்கிறது. இங்கே ஒரு நாளுக்கும் மத்திய சட்டம் இல்லை. பேத்தி பிறந்தபோது நீ ஒரு வருடம் வீட்டில் இருந்தாய். உன் மச்சாள் பன்னிரண்டாவது கிழமை முடிய வேலைக்குப் போனார், காரில் ஏறும்வரை அழுதுகொண்டே போனார். டிசம்பர் 26 அண்ணாவுக்கு வேலை நாள், இங்கே பொக்சிங் டே கிடையாது.

1948இல் தொடங்கிய ஒரு ஏற்பாட்டை நீங்கள் சிலர் இரவு முழுக்க நின்று தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். நீ களைத்திருப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. உன் வார்டுக்கு வருகிற கிழவி ஒருத்தி பனியில் இருந்துகொண்டு காசை யோசிப்பதில்லை, அவ்வளவுதான். வந்து இரண்டு கிழமை இருந்து பார், மச்சாளோடும் இருந்து கதை. பிறகு நீ எடுக்கிற முடிவு எங்களுக்குச் சரி.

வருமுன் பயண இன்சூரன்ஸ் மூன்று பேருக்கும் எடு. ஐரோப்பாவுக்குக் கொண்டு போகிற ஜிஹெச்ஐசி மருத்துவ அட்டை இங்கே செல்லாது. பேத்தியின் இழுப்பு வருத்தத்தை மறைக்காமல் எழுது, பிறகு அவர்கள் மறுக்கக்கூடாது. இன்சூரன்ஸ்காரர் அனுப்புகிற கடிதத்தின் பிரதி ஒன்றை அண்ணாவுக்கும் அனுப்பு. எஸ்டா என்கிற பயண அனுமதிக்கு அமெரிக்க அரசாங்கத்தின் தளத்திலேயே விண்ணப்பி, இடையில் காசு பிடுங்குகிற தளங்கள் இருக்கின்றன.

பெட்டியில் இடமிருந்தால் 240 பை உள்ள தேயிலைப் பெட்டி இரண்டு கொண்டு வா. இறைச்சிச் சாமான் ஒன்றும் வேண்டாம். பொம்மை உள்ளே இருக்கிற கிண்டர் முட்டையைப் பேத்தி பையில் ஒளித்து வைக்கிறாளா என்று பார், இங்கே அது தடை, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். அம்மம்மா அவளுக்கு வேறு இனிப்பு வாங்கி வைத்திருக்கிறார் என்று சொல்லு.

அன்புடன்,
அப்பா