பியூட்லியின் வெள்ளக் கோடுகள்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

இங்கிலாந்தின் பியூட்லியில் செவர்ன் ஆற்றைப் பார்த்தபடி வீடு அமைந்துவிட்டது, ஊர் வரலாற்றை எழுதப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். நல்ல காரியம். "1795 வெள்ளம் பெரிதா, 1947 வெள்ளம் பெரிதா?" என்றும் கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியை ஊரில் யாரிடமும் அப்படியே கேட்காதே, ஆளுக்கு ஒரு பதில் வரும். இரண்டும் ஒரே அளவுகோலில் நிற்காதது ஒரு காரணம். இரண்டுக்கும் நடுவில் பாலமே மாறிப்போனது இன்னொன்று.

1795 பிப்ரவரியில் பனி உருகி செவர்ன் பெருகியபோது பியூட்லியின் பழைய கற்பாலம் போயிற்று. மேலே ஐயன்பிரிட்ஜில் இரும்புப் பாலம் மட்டும் அசையாமல் நின்றது. பியூட்லிக்குப் புதுப் பாலம் கட்டியவர் தாமஸ் டெல்ஃபோர்டு. 1798-இல் ஒரே பருவத்தில் முடித்தார். நடு வளைவு 60 அடி, பக்கத்து வளைவுகள் 52 அடி. அதுபோக, ஏறி வரும் தண்ணீருக்கு வழிவிடக் கரையோரம் சின்ன வளைவுகள். பழைய காலத்துப் பாலங்களின் தடித்த தூண்கள் ஆற்றையே பாதி அடைத்துக்கொண்டு நிற்கும். மரமும் பனிக்கட்டியும் வந்து சிக்கினால் பாலத்துக்கு மேல்பக்கம் தண்ணீர் முட்டி ஏறும், கீழ்பக்கம் இறங்கியிருக்கும். ஆகவே வெள்ளம் ஏறிய உயரத்தைச் சுவரில் காட்டும் கோடு, 1795-க்கு முந்தையது எங்கே கிடைத்தாலும், பாலத்துக்கு மேலா கீழா என்பதை முதலில் குறித்துக்கொள். மேல்பக்கத்துக் கோட்டில் ஆறு மட்டும் இல்லை, பாலமும் சேர்ந்திருக்கிறது.

இனி கோட்டை அளக்கும் விதம். பலர் தரையிலிருந்து டேப் வைத்து "நாலடி ஆறு அங்குலம்" என்று எழுதிவிடுகிறார்கள். தரை நிலையானதில்லை, சாலைக்கு ஒவ்வொரு முறை மேல்பூச்சு போடும்போதும் அது உயரும், கோடு தானாகத் தாழ்ந்ததுபோல் தெரியும். அதனால் அந்நாட்டு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேக்காரர்கள் பழைய சுவர்களிலும் தேவாலயங்களிலும் செதுக்கிய மட்டக்குறியைத் தேடு. ஒரு படுக்கைக் கோடும், அதைத் தொட்டுக்கொண்டு கீழிருந்து மேல்நோக்கும் அம்பும் இருக்கும். உயரம் அந்தப் படுக்கை வெட்டின் நடுவுக்குத்தான், அம்பு நுனிக்கு இல்லை.

அங்கிருந்து வெள்ளக் கோட்டுக்கு மட்டம் கொண்டுபோக நம்மூர் கொத்தனாரின் டியூப் லெவலே போதும். உள்ளே தண்ணீர் தெரியும் 10 மீட்டர் பிளாஸ்டிக் டியூப், விரல் பருமன். சாயம் கலந்த தண்ணீரை ஒரு முனையிலிருந்து மெதுவாக விடு. நடுவில் ஒரு குமிழி நின்றாலும் மட்டம் பொய் சொல்லும். டியூப்பைத் தூக்கித் தட்டி வெளியேற்று. இரண்டு முனையையும் சுவரோடு பிடித்து, இரண்டு கட்டைவிரலையும் எடுத்துவிட்டு, தண்ணீர் ஆடி நிற்கும்வரை பொறு. ஒருவர் விரலை எடுக்க மறந்தால் தண்ணீர் நகராமல் நிற்கும், சரியாக இருப்பதுபோலவே தோன்றும். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. மட்டக்குறி தண்ணீர்க் கோட்டுக்கு 30 செ.மீ. கீழே, வெள்ளக் கோடு 85 செ.மீ. மேலே என்று வந்தால், வித்தியாசம் 1.15 மீட்டர். முனைகளை மாற்றிப் பிடித்து இன்னொரு முறை பார். இரண்டு அளவும் ஒரு செ.மீ.க்குள் வராவிட்டால் குமிழி இருக்கிறது என்று அர்த்தம்.

மட்டக்குறியின் உயரத்தைப் பழைய வரைபடத்தில் பார்க்கும்போது கவனம். 19-ஆம் நூற்றாண்டு வரைபடங்கள் லிவர்பூல் கடல்மட்டத்தை வைத்து எழுதப்பட்டவை. இப்போது வழக்கில் இருப்பது நியூலின் மட்டம், 1915 முதல் 1921 வரை அங்கே அளந்த கடல்மட்டத்தின் சராசரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும், ஒரே எண்ணைக் கழித்துச் சமாளிக்க முடியாது. ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் அளவுமானி காட்டும் எண்ணும் தனி ரகம். அதன் பூஜ்யம் அந்த இடத்துக்கென்று வைத்தது. ஆற்றின் அடிமட்டமும் இல்லை, கடல்மட்டமும் இல்லை.

பியூட்லி அளவுமானியைச் சும்மா நினைக்காதே. 1921 முதல் நீரோட்டக் கணக்கு இருக்கிறது. 4,325 சதுர கி.மீ. நிலத்துத் தண்ணீர் அதைக் கடந்துதான் போகிறது. கோடையில் செவர்ன் ஆற்றையே இந்த ஊரை வைத்துத்தான் நடத்துகிறார்கள். ஐந்து நாள் சராசரி, நாளொன்றுக்கு 85 கோடி லிட்டருக்குக் கீழே போகாதபடி வேல்ஸ் மலையிலிருக்கும் கிளவெடாக் அணையைத் திறந்துவிடுகிறார்கள்.

ஆவணங்களுக்கு வூஸ்டர் நகரின் 'தி ஹைவ்' நூலகத்துக்குப் போ, மாவட்ட ஆவணக் காப்பகம் அங்கேதான். பியூட்லி என்று கேட்டுவிட்டு, ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்துவிடாதே. ஊர் நடுத்தெருவில் நிற்கும் செயின்ட் ஆன் தேவாலயம் ரிப்ஸ்ஃபோர்டு பங்குக்கு, அதாவது அந்தத் தேவாலய வட்டத்துக்கு, கிளையாக இருந்தது. பழைய குடும்பங்களின் ஞானஸ்நானம், அடக்கம் எல்லாம் ரிப்ஸ்ஃபோர்டு பதிவேட்டில் கிடக்கும். அக்கரை ரிப்பன்ஹால் அந்நாளில் கிடர்மின்ஸ்டர் பங்கு. ஆற்றைத் தாண்டினால் பதிவேடும் மாறும். 1752-க்கு முந்தைய தேதிகளில் இன்னொரு கண்ணி: அப்போது அங்கே ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஜனவரி, பிப்ரவரி வெள்ளத்தை அன்றைய எழுத்தர் முந்தைய ஆண்டில் எழுதியிருப்பார். ஒரே வெள்ளம் இரண்டாகத் தெரியும்.

ஊரில் உள்ள லோட் (Load) தெரு என்ற பெயரைப் பார்த்து, சுமை இறக்கிய தெரு என்று எழுதிவிடாதே. அது ஆற்றைக் கடக்கும் துறையைக் குறிக்கும் பழைய சொல். சுமை இறங்கியது என்னவோ உண்மைதான். பாலத்தடியில் பாய்மரத்தைச் சாய்த்துப் போகும் தட்டை அடி 'ட்ரோ' படகுகளை மேல்நோக்கி ஆட்கள் கூட்டமாகக் கயிறு கட்டி இழுத்து வந்த கரை அது. 1772-இல் படகுக் கால்வாய் திறந்து, ஆற்றின் கீழ்ப்பக்கம் ஸ்டோர்போர்ட் என்ற ஊர் எழுந்த பிறகு அந்த வியாபாரம் அங்கே நகர்ந்தது. "நாறும் சாக்கடை வேண்டாம்" என்று பியூட்லிக்காரர்கள் கால்வாயை விரட்டிவிட்டார்கள் என்ற கதையை உனக்கும் சொல்வார்கள். கதையாகவே எழுது. கிடர்மின்ஸ்டரிலிருந்து ஸ்டோர் ஆற்றுப் பள்ளத்தாக்கோடு இறங்கினால் கால்வாய் தானாக ஸ்டோர்போர்ட்டில்தான் வந்து சேரும். பியூட்லிக்கு வர மேட்டைத் தாண்ட வேண்டும். கால்வாய் வெட்டியவர்கள் மேட்டுக்குப் பயந்தார்கள் என்பது எனக்குப் போதுமான காரணமாகப் படுகிறது.

பெரியவர்களிடம் பேசும்போது "எவ்வளவு உயரம் வந்தது?" என்று கேட்காதே. "எத்தனையாவது படி நனைந்தது? அடுப்பு எங்கே இருந்தது? மேல்மாடிக்கு எதைத் தூக்கினீர்கள்?" என்று கேள். படியை இன்றும் அளக்கலாம். 1947 மார்ச்சைச் சிறுவயதில் பார்த்தவர்களுக்கு அந்த வருட நீண்ட பனிக்காலம் நினைவிருக்கும். பனியும் வெள்ளமும் சேர்ந்து வந்தால் அது 1947 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். மழை மட்டும் என்றால் வேறு ஆண்டாக இருக்கலாம், சரிபார்.

2000 வெள்ளத்துக்குப் பிந்தைய நினைவுகளைத் தனியாக வை. அந்த வெள்ளத்துக்குப் பின் மேற்குக் கரை செவர்ன்சைடில் கழற்றி மாட்டும் தடுப்பு வந்தது. மண்ணுக்குள் நிரந்தரச் சுவர், அதன்மேல் அலுமினியக் கம்பங்கள், நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கும் பட்டைகள், இடுக்கில் ரப்பர், பின்னால் கசிவை இறைக்கும் பம்புகள். எதிர்க்கரை பீல்ஸ் கார்னரில் வெகுநாள் சாலைமேல் வைக்கும் தற்காலிகத் தடுப்பு மட்டும்தான் இருந்தது. அடியில் சுவர் இல்லாததால் கீழே கசிந்தது. 2022 பிப்ரவரியில் மேலேயும் தாண்டியது. ஒரே நாள், ஒரே ஆறு, ஒரு கரையின் புகைப்படத்தில் காய்ந்த தெரு, மறுகரையில் முழங்கால் தண்ணீர். காய்ந்த தெருவின் படத்தை வைத்துச் சின்ன வெள்ளம் என்று எழுதினால் தப்பு. தடுப்புக்குப் பிறகு செவர்ன்சைடு சுவர்களில் புதுக் கோடு விழுவது அரிது, அளவுமானியைத்தான் நம்ப வேண்டும்.

டியூப்பை இங்கிருந்து சுமக்காதே, அங்கே கடையிலேயே கிடைக்கும். சாயத்துக்குச் சமையலறை மஞ்சள் வேண்டாம், டியூப்பில் படிந்துவிடும். ஒரு சொட்டு நீல மை போதும்.

அன்புடன்,
அண்ணன்