போட்டுக் காட்டச் சொல்

சென்னை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. இடுப்புவலி குறைந்து காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். உன் தங்கச்சி உன்னை ரொம்பக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

பாப்பா உனக்கு ரெக்கார்டு பிளேயர் வாங்கிக் கொடுத்த செய்தியைப் படித்துவிட்டு நான் ஒரு நாள் முழுக்க அதே நினைப்பாக இருந்தேன். செல்லூரில் உங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் மைக்செட்காரர் போடும் பாட்டை நாம் கேட்டது நாற்பது வருஷத்துக்கு முந்தின கதை. இப்போது முள்ளை வைக்கிற கை உன்னுடையது. புதுசோ பழசோ, நல்ல ரெக்கார்டு எங்கே வாங்கலாம் என்று நீ கேட்ட ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம் முழுக்கப் பதில்.

முதலில் பிளேயரைப் பார். பாப்பா வாங்கியது சூட்கேஸ் மாதிரி மூடி தூக்கிப்போகிற வகையாக இருந்தால், நல்ல இசைத்தட்டு எதையும் இப்போதைக்கு அதில் வைக்காதே. ஒழுங்கான பிளேயரில் முள் தட்டின் மேல் ஏறக்குறைய 2 கிராம் எடையோடு உட்காரும். முள்ளைத் தாங்கும் கையின் பின்பக்கம் ஒரு சின்ன எடைக்குண்டு இருக்கும், அதைத் திருகி எடையைச் சரிசெய்யலாம். சூட்கேஸ் வகைகளில் அந்தக் குண்டு பெரும்பாலும் கிடையாது, முள்ளின் எடை 5 கிராமைக்கூடத் தொடும். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் பாட்டு கொஞ்சம் உரிந்துபோகும். பாப்பாவிடம் இதைச் சொல்லி வருத்தப்பட வைக்காதே. ஆசையாக வாங்கியிருக்கிறாள். கீறல் விழுந்த தட்டுகளைப் போட்டுப் பழகிக்கொள், நல்லதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி கடை. 1983-ல் ரயில்வே பரீட்சை எழுத நாம் ரெண்டு பேரும் மெட்ராஸ் வந்தபோது சென்ட்ரலுக்குப் போய்ப் பக்கத்திலேயே மூர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தோமே, ஞாபகம் இருக்கா? அந்தச் செங்கல் கட்டடம் 1985-ல் எரிந்துபோனது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். கடைக்காரர்களுக்குக் கொஞ்ச தூரத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். பேர் மட்டும் இன்னும் மூர் மார்க்கெட்தான். பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவே ரெக்கார்டுக்காரர்களும் இருக்கிறார்கள். நான் முதலில் போனது அங்கேதான், இன்றும் மாதம் ஒரு முறை போகிறேன்.

முதல் ரெண்டு வருஷம் நான் வாங்கியதில் பாதிக்குமேல் வீண். அட்டையைப் பார்த்து வாங்கினேன். இன்னொரு கடையில், அதன் பேர் வேண்டாம், 1,800 ரூபாய் கொடுத்து ஒரு எல்.பி. (பெரிய தட்டு) வாங்கி வந்து பிரித்தால் உள்ளே வேறு தட்டு. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, பார்த்துத்தானே வாங்கினீங்க என்றார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காசு போனதைவிட, ஒரு வருஷமாகத் தேடிய பாட்டு கைக்கு வந்துவிட்டது என்று நம்பி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேனே, அதுதான் அறுத்தது.

அதற்கப்புறம்தான் மூர் மார்க்கெட்டில் ஒரு பாய் எனக்கு வாய்த்தார். நான் ஒரு தட்டை எடுத்து விலை கேட்டேன். அவர் விலை சொல்லவில்லை. தட்டை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். கறுப்பாக மின்ன வேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூத்தமாதிரி இருந்தது. "இது மைக்செட் ரெக்கார்டு சார். ஆயிரம் கல்யாணம் பார்த்திருக்கும். உங்களுக்கு வேணாம்" என்றார். தன் பிளேயரில் போட்டும் காட்டினார். குரல் உச்சத்துக்கு ஏறும்போதெல்லாம் கரகரவென்று உடைந்தது. நல்ல கடை எது என்று நீ கேட்டாயே, மாப்ளே, எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: கடைக்குள் ஒரு பிளேயர் இருக்கணும், கேட்டதும் முகம் சுளிக்காமல் போட்டுக் காட்டணும், "இது வேணாம்" என்று சொல்ல அந்த ஆளுக்கு வாய் வரணும். எந்த ஊரானாலும் இந்த மூன்றையும்தான் பார்க்கிறேன்.

மைக்செட் ரெக்கார்டு என்றதும் உனக்கும் ஒரு ஏக்கம் வரும், எனக்கும் வரும். நம்ம பக்கத்துப் பழைய தட்டுகளில் பெரும்பங்கு சவுண்ட் சர்வீஸ்காரர்கள் வீட்டிலிருந்து வந்தவைதான். அன்றைக்கு ரெக்கார்டு வாங்கி வீட்டில் வைத்துக் கேட்டவர்கள் எத்தனை பேர்? லேபிளில் ரப்பர் ஸ்டாம்பு இருக்கும். அட்டையில் நீல மையில் வரிசை எண் போட்டு, எந்தப் பாட்டு கேட்கத் தகுந்தது என்று ஓரத்தில் ஒரு டிக் அடித்திருப்பார்கள். அந்த டிக் அடித்த பாட்டுத்தான் அதிகம் தேய்ந்திருக்கும். முள்ளை நேராக அங்கே வைக்கச் சொல். அது தேறினால் தட்டு முழுக்கத் தேறும். வீட்டுத் தட்டுகளிலும் இதே கணக்குத்தான். எம்.எஸ். அம்மா 1963-ல் எச்.எம்.வி. கம்பெனிக்குப் பாடிய வெங்கடேச சுப்ரபாதம் எந்தப் பழைய ரெக்கார்டுக் கட்டைப் பிரித்தாலும் ஒன்றாவது கிடைக்கும். விடியற்காலைதோறும் ஓடி ஓடிச் சுப்ரபாதப் பக்கம் தேய்ந்துபோயிருக்கும், மறுபக்கம் பல சமயம் புதுசு மாதிரி இருக்கும்.

வெளிச்சத்தில் பார்க்கும்போது மயிரிழைக் கீறலுக்குப் பயப்படாதே, பெரும்பாலும் சத்தத்தில் தெரியாது. நகத்தை மெதுவாக ஓட்டினால் தட்டுப்படுகிற கீறல் இருந்தால் டிக் டிக் என்று அடிக்கும், முள் தாண்டவும் செய்யும். தட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைந்திருக்கிறதா என்று பார். வெயிலில் நின்ற காரில் வைத்தது, படுக்கப்போட்டு மேலே மேலே அடுக்கியது எல்லாம் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில், பிளேயரின் நடுக்குச்சி துளையைத் தேடி உரசிய கோடுகள் நிறைய இருந்தால், நிறைய ஓடிய தட்டு என்று அர்த்தம்.

நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுகிற பழைய தட்டை ஆசைப்பட்டு வாங்கிவிடாதே. அது அரக்குத் தட்டு, கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும். அதன் பள்ளம் அகலம், எல்.பி. முள் அடியில் போய் உட்கார்ந்து இரைச்சலைத்தான் எடுக்கும். தனி முள் வேணும். ஸ்பிரிட் கலந்த எதையும் வைத்துத் துடைக்கக் கூடாது, அரக்கு கரையும். ஆனால் அந்தத் தட்டுகளின் கதை என்னை விடாது. 1902-ல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் பாடியதோடு நம் நாட்டில் இந்த வியாபாரம் தொடங்கியது. 1908-ல் அதே ஊரில் சியால்தாவில் தட்டு அச்சடிக்கும் ஆலை வந்தது, 1928-ல் டம்டம்முக்குப் போனது. வெளிநாட்டில் 78 வழக்கொழிந்த பிறகும், கரண்ட் இல்லாத ஊர்களில் கையால் சாவி கொடுக்கும் கிராமபோன் ஓடிக்கொண்டிருந்ததால் இங்கே அறுபதுகளிலும் அச்சடித்தார்கள். பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இந்தியாவில் 78 தட்டாக வந்தன. இன்றைக்கு உலகம் முழுக்க அதைத் தேடி அலைகிறார்கள். உன் ஊர்க் குப்பையில் ஒன்று கிடைத்தால் எனக்கு உடனே போன் போடு.

உன் ஊர் என்றதும், புனேயில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறாயே! புதனும் ஞாயிறும் கூடுகிற ஜூனா பஜார் உனக்குப் பக்கம்தானே? இரும்புச் சாமானுக்கும் பழைய கடிகாரத்துக்கும் நடுவே ரெக்கார்டு கட்டு வரும். அங்கே போட்டுக் காட்ட வழி இருக்காது. அதனால் ஒரு தட்டுக்கு, வீணானாலும் பரவாயில்லை என்று தோன்றுகிற தொகைக்குமேல் கொடுக்காதே. மராத்தி நாட்டியசங்கீதம் (மேடை நாடகப் பாட்டு) நல்ல நிலையில் கிடைத்தால் எடு, உனக்குத்தான் இத்தனை வருஷத்தில் அந்தக் காது வந்துவிட்டதே. பம்பாய் போகும்போது சோர் பஜாரில் மட்டன் தெருவைப் பார். கொஞ்சம் சாவகாசமாக, வீட்டில் உட்கார்ந்த மாதிரி கேட்டு வாங்கணும் என்றால் அங்கே மாஹிமில் ரிவால்வர் கிளப் என்ற ரெக்கார்டு கடை இருக்கிறது, புதுசும் பழசும் வைத்திருக்கிறார்கள். காலா கோடாவில் நாம் ஒரு மழை நாளில் ஒதுங்கி நின்ற ரிதம் ஹவுஸ் கடை 2016-ல் மூடிவிட்டது. அந்தப் பக்கம் போனால் எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்கும். டில்லியில் சாந்தினி சௌக்கில் நியூ கிராமபோன் ஹவுஸ். கல்கத்தாவில் ஃப்ரீ ஸ்கூல் தெரு, நான் மூன்று நாள் அங்கேயே சுற்றினேன். டம்டம் அந்த ஊரிலேயே இருப்பதாலோ என்னவோ, அங்கே கிடைத்த வங்காளி, இந்தித் தட்டுகள் எனக்கு மற்ற ஊர்களைவிடச் சுத்தமாகவே அமைந்தன.

தமிழ்ப் பாட்டுக்கு மட்டும் தெற்கே வரத்தான் வேணும். கொலம்பியா, ஓடியன் கம்பெனிகள் போட்ட அறுபதுகளின் ஈ.பி. (சின்னத் தட்டு) கிடைக்கும், ஒரு பக்கத்துக்கு ரெண்டு பாட்டு. எக்கோ கம்பெனி போட்ட இளையராஜா எல்.பி.களுக்கு இப்போது தங்க விலை. பத்து வருஷத்துக்கு முன் நான் 300 ரூபாய்க்கு எடுத்ததை இன்று 4,000 சொல்கிறார்கள். அந்த விலைக்கு வாங்காதே என்று சொல்ல எனக்கு மனசு வராது. போட்டுக் கேட்காமல் வாங்காதே என்று மட்டும் சொல்வேன்.

புதுத் தட்டு பற்றிக் கேட்டாய். அமெரிக்காவில் 2022-ல் சி.டி. 3.3 கோடி விற்றபோது ரெக்கார்டு 4.1 கோடி விற்றது. 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் சி.டி.யை முந்தியது அதுவே முதல் முறை. இங்கேயும் பழைய பாட்டுகளை மறுபடி அச்சடித்து விற்கிறார்கள், அவற்றில் பல ஐரோப்பாவில் அச்சாகி வந்தவை. நான் பார்த்தவரை 2,000 ரூபாய்க்குக் கீழே அபூர்வம். தட்டு கனமாக இருக்கும், இரைச்சல் இருக்காது. ஆனால் எல்லாமே பழைய ஒலிநாடாவிலிருந்து நேராக எடுத்தவை இல்லை. கணினியில் சுத்தம் செய்த ஒலியை அப்படியே தட்டில் ஏற்றியிருந்தால், அந்தப் பாட்டை நீ உன் போனில் கேட்பதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பழைய பதிப்பு நல்ல நிலையில் கிடைக்காத பாட்டுக்குத்தான் புதுசை வாங்குவேன். உனக்கு இரைச்சல் ஆகாது என்றால் நீ புதுசுக்கே போ, தப்பில்லை.

இணையத்தில் வாங்குவது கடைசி வழி. ஆனால் விலை தெரிந்துகொள்ள டிஸ்காக்ஸ் தளத்தைப் போல ஒன்று கிடையாது. ஒரே ஆல்பத்தின் ஒவ்வொரு பதிப்பையும் தனித்தனியாகப் பதிந்து, கடைசியாக என்ன விலைக்கு விற்றது என்றும் காட்டும். கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே வழுவழுப்பான வளையத்தில் ஒரு எண் பொறித்திருக்கும், அதை வைத்து எந்தப் பதிப்பு என்று பிடித்துவிடலாம். விற்பவர்கள் போடும் தரக்குறியில் 'விஜி' (வெரி குட்) என்று பார்த்தால் ரொம்ப நல்லது என்று நினைத்துவிடாதே, இரைச்சல் நன்றாகவே கேட்கும். 'விஜி பிளஸ்'ஸுக்குக் கீழே போகாதே. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து தட்டின் விலையைத் தொட்டுவிடும்.

வாங்கிய பிறகு எப்போதும் நிற்கவைத்து அடுக்கு. பழைய பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது உள்ளுறை மாற்று. உங்கள் ஊர் மழைக்குப் பூஞ்சை பிடிக்கும், மாதம் ஒரு தடவை எடுத்துக் காற்றாட வை.

ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். போன வாரம் பாய் ஒரு ஈ.பி. காட்டினார். லேபிளில் ஊதா ஸ்டாம்பு. கம்பெனி பேர் அழிந்துபோயிருக்கிறது, கீழே "சவுண்ட் சர்வீஸ், செல்லூர், மதுரை-2" மட்டும் தெளிவாக இருக்கிறது. நம்ம தெரு முனைக்காரருடையதா, அடுத்த தெருக்காரருடையதா, சொல்ல முடியவில்லை. போட்டுக் காட்டினார். முதல் பாட்டு தேய்ந்துதான் இருக்கிறது, ரெண்டாவது நன்றாகவே ஓடுகிறது. பாய் வழக்கம்போல "உங்களுக்கு வேணாம் சார்" என்றார். நான் ஊர்ப் பேரைக் காட்டினேன். அப்புறம் ஒன்றும் பேசாமல் கவரில் போட்டு மேசைக்குக் கீழே வைத்துவிட்டார். ரெண்டு வாரம் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார், 150 ரூபாய்.

உன் பிளேயரில் கைக்குப் பின்னால் எடைக்குண்டு இருக்கிறதா என்று பார்த்து உடனே எழுது. இருந்தால் அதை வாங்கி அட்டை வைத்துக் கட்டி உனக்கு அனுப்புகிறேன். இல்லையென்றால் வாங்கி இங்கேயே வைக்கிறேன், தை மாதம் நீ வரும்போது கேட்கலாம்.

தங்கச்சிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

என்றும் உன்,
மாப்ளே