"பிள்ளையளை எங்கை விட்டனீங்கள்?": எங்கள் ஒழுங்கையாருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஒழுங்கையின் பெரியவர்களுக்கும், என் கணவருடைய பக்கத்துச் சொந்தக்காரருக்கும், சனிக்கிழமை நெல்லியடியில் எங்களைப் பஸ் யன்னலுக்குள்ளால் கண்டவுடன் வீட்டுக்குப் போன் எடுத்தவருக்கும்,

வணக்கம்.

ஓம், போனோம். நானும் இவரும் பருத்தித்துறைக்குப் போனோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. காலையில் வெளிக்கிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒவ்வொரு படலையிலும் நின்று தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துப்போனதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

பிள்ளைகள் மாமியோடு, இவருடைய அம்மாவோடு, நின்றார்கள். மகளுக்குக் காலையில் வகுப்பு; பக்கத்து வீட்டு அக்கா தன் மகளோடு சேர்த்து அவளையும் ஏற்றிப் போனார். "புலமைப்பரிசில் வருசத்திலை தாய் தேப்பன் இப்பிடிச் சுத்தலாமோ?" என்று கேட்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சோதனை எழுதப்போவது அவள். நாங்கள் ஒருநாள் கடலைப் பார்த்ததற்காக அவளுக்குப் பின்னக்கணக்கு மறந்துபோகாது. பத்து வயதுப் பிள்ளையின் சோதனைக்காக வீடு முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதும் அவ்வளவு நல்லதாக எனக்குப் படவில்லை. சரி, அது வேறு கதை.

நாங்கள் பிள்ளைகளோடு கடலுக்குப் போகாதவர்கள் இல்லை. சாட்டிக்கும் போயிருக்கிறோம், காரைநகர் கசூரினாவுக்கும் போயிருக்கிறோம். அங்கே ஒருவர் தண்ணீரில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மற்றவர் கரையில் உடுப்புப் பைக்கும் சாப்பாட்டுக்கும் காவல் இருப்பார். பிறகு ஆளை மாற்றிக்கொள்வோம். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் ஒரு இடத்தில் இருக்கக் கிடைக்காது. வீட்டிலும் அப்படித்தான். எங்களுக்குள் பேச்சு என்றால் காஸ், கிணற்று மோட்டார், ரியூசன் காசு. அதற்கு மேல் எதையாவது எடுத்தால் மகன் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வேலிக்கு அப்பால் போய் ஒப்புவித்துவிடுவான். வேலிக்கு அப்பால் நிற்பது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே 750 பஸ்ஸில் ஏறினோம். பருத்தித்துறை யாழ்ப்பாணத்திலிருந்து 30 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கோப்பாய், நீர்வேலி வாழைத்தோட்டங்கள் எல்லாம் வேலைக்குப் போகும்போது பார்க்கிற மாதிரியே இருந்தன. வல்லை வெளிக்கு வந்ததும் இரண்டு பக்கமும் வீடு இல்லை, மதில் இல்லை, சோளகக் காற்று பஸ்ஸுக்குள் புகுந்து எல்லோருடைய தலையையும் கலைத்துவிட்டது. நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். நெல்லியடியில் நீங்கள் கண்டது அந்தச் சிரிப்பைத்தான் என்று நினைக்கிறேன்.

அங்கே என்ன செய்தோம் என்றும் கேட்டிருந்தீர்கள். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிளேன்ரீ குடித்தோம். தட்டை வடை வாங்கினோம். உங்களில் சிலரிடமும் அந்தப் பைக்கற் வந்து சேர்ந்தது, சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்டீர்கள். தும்பளை வீதியில் தெருமூடிமடத்தைப் பார்க்கப் போனோம். எத்தனையோ தரம் அந்தப் பக்கம் போயும் நின்று பார்த்ததில்லை. தெருவுக்கு மேலேயே கூரை. நடுவால் வீதி போகிறது, இரண்டு பக்கமும் கல்தூண்களோடு உயர்ந்த திண்ணை. வழியால் போகிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்கி இருந்துவிட்டுப் போகட்டும் என்று கட்டியது. அந்தத் திண்ணையில் நாங்களும் கொஞ்ச நேரம் இருந்தோம். யாரும் எழும்பச் சொல்லவில்லை.

பிறகு கடற்கரை வீதியால் நடந்தோம். 1916 இல் கட்டிய வெளிச்சவீட்டைத் தூர நின்றே பார்த்தோம். இலங்கைத் தீவு வடக்கே முடிகிற சக்கோட்டை முனையும் அந்தப் பக்கம்தான். கடலுக்கு அப்பால் கோடிக்கரை. கரையில் வள்ளங்கள், வலை பொத்துகிறவர்கள், காய்கிற கருவாடு. மணற்கரையைத் தேடிப் போகிறவர்களுக்கு அந்த இடம் பிடிக்காது, கல்லுக்கரை. எங்களுக்கு இருக்க ஒரு கல் போதுமாக இருந்தது.

அங்கேயும் ஒரு ஐயா சைக்கிளை நிறுத்தி, "எவடம் நீங்கள்?" என்று கேட்டார். கொக்குவில் என்றோம். "கலியாணம் முடிச்சாச்சோ?" நான் தாலிக்கொடியை வெளியே எடுத்துக் காட்டினேன், இரண்டு பிள்ளைகள் என்றும் சொன்னேன். "அப்ப பிள்ளையள் எங்கை?" என்றார். ஆக, கட்டாவிட்டாலும் கடற்கரையில் இருக்கக் கூடாது, கட்டினாலும் இருக்கக் கூடாது. எந்த வயதில்தான் இருக்கலாம் என்று அவரிடம் கேட்க வாய் வந்தது. இவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"வல்லிபுரக் கோயிலுக்கு எண்டு சொல்லியிருக்கலாமே, பக்கத்திலைதானே" என்று ஒரு மாமி எனக்கு நல்ல மனதோடு புத்தி சொன்னார். அவர் சொல்வது சரி. கோயில் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்கமாட்டீர்கள். ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்குப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போன தம்பதிகள் இந்த ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குப் போய் அன்னதானம் சாப்பிட்டு, ஆற்றங்கரையில் ஆறுதலாக இருந்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். நானும் கோயிலுக்குப் போகிறவள்தான். கணவனோடு தனியே இருப்பதற்குச் சாமியைச் சாட்டச் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆம்பிளைகள் நாலு பேர் சேர்ந்து மோட்டார் சைக்கிளில் கடலுக்குப் போய் இருட்டினபின் வந்தால், அவர்களிடம் இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருக்கிறீர்களா?

எங்களைப் போகச் சொன்னவர் இவருடைய அம்மா, என் மாமிதான். இதைச் சொன்னால் சிலர் நம்பமாட்டீர்கள். என்னுடைய அம்மாவும் அதையே சொன்னார். அம்மாவும் அப்பாவும் இளமையில் சேர்ந்து வெளிக்கிட்ட பெரிய பயணம் யுத்தத்தால் வந்த 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு. என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி, பாத்திரங்களைக் கரியரில் கட்டி, சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார்கள். அதற்குப் பிறகும் பல வருடம் ஊரடங்கு, சோதனைச் சாவடி. கடற்கரையில் போய்ச் சும்மா இருப்பது என்ற பேச்சே இல்லை. "எங்களுக்குத்தான் கிடைக்கேல்லை, நீங்கள் போங்கோ" என்றார் அம்மா. அப்பா இப்போது இல்லை.

இந்த ஒழுங்கையில் கணவனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வீடியோ கோலில் குடும்பம் நடத்துகிறவர்களும், தனித்துப்போனவர்களும் இருக்கிறார்கள். இந்த மடல் அவர்களை உறுத்தலாம். அவர்கள் என்ன கேட்டாலும் எனக்குக் கோபம் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது ஒரேயொரு விஷயத்துக்கு. அன்று பின்னேரம் படலையடியில் விளையாடிக்கொண்டிருந்த மகனிடம் யாரோ, "கொம்மாவும் கொப்பாவும் உன்னை விட்டிட்டுப் போட்டினமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதுவரை அவன் அப்பம்மாவோடு நுங்கு குடித்துக்கொண்டு சந்தோசமாகத்தான் இருந்தான். இரவு படுக்கும்போது, "நீங்கள் திரும்பி வராமல் விட்டிருப்பீங்களோ அம்மா?" என்று கேட்டான். ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்த யோசனை தானாக வந்ததில்லை. பகிடிக்குத்தான் கேட்டிருப்பீர்கள், தெரியும். ஆனாலும் என்னிடம் கேட்க வேண்டியதை அவனிடம் கேட்காதீர்கள். என்னிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், பதில் சொல்கிறேன். கல்லில் இருந்து நாங்கள் என்ன பேசினோம் என்பதை மட்டும் சொல்லமாட்டேன்.

நாங்கள் இனியும் போவோம். உங்களில் இளம் ஆட்களுக்கும் போக விருப்பம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒருத்தி கிணற்றடியில் வைத்து ரகசியமாகப் பஸ் நேரம் கேட்டாள். உங்கள் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமைக்கு எங்கள் வீட்டில் விடுங்கள். மாமியும் சம்மதம். குடை கொண்டுபோங்கள், கடற்கரை வீதியில் நிழல் குறைவு. வருகிற சனிக்கிழமை எங்களுக்கு வசதிப்படாது, அம்மா வீட்டில் அப்பாவின் திவசம். அதற்கடுத்த கிழமை சரி. முதல்நாளே சொல்லிவிடுங்கள், புட்டுக்கு மா கூடக் குழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒழுங்கைக் கடைசி வீட்டுக்காரி,
கொக்குவில்.