செயலாளரின் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2024 – மார்ச் 2025)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கையின் படி வீடு தேடி வரும். கூடவே சந்தா பாக்கி விவரமும் வரும்.

கோடையில் நீர்மோர்ப் பந்தல் வைத்தோம். நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 19 அன்றும் பந்தல் இருந்தது. சுதந்திர தின, குடியரசு தினக் கொடியேற்றங்கள் வழக்கம்போல் நடந்தன. அக்டோபர் மழையில் தாழ்வான தெருக்களுக்கு உணவுப் பொட்டலம் கொடுத்தோம். பொங்கல் கோலப்போட்டி இனிதே நடந்தது. இரண்டாம் பரிசு பற்றிய சர்ச்சை பேசி முடிக்கப்பட்டது. கேரம் போட்டி நடைபெறவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

இனி, பெரியவர்களுக்கான இலவச ஆங்கில வகுப்பு. சென்ற பொதுக்குழுவில் இதற்குத் தீர்மானம் போட்டபோது கைதட்டல் பலமாக இருந்தது. சொல்லிக்கொடுக்க வருகிறேன் என்று பெயர் எழுதியவர்கள் ஒரு தாளை நிரப்பினார்கள். அந்தத் தாள் இன்றும் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. ஜூனில் வகுப்பு தொடங்கியது. ஆடி பிறப்பதற்குள் மிஞ்சியது நானும், ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மாவும், கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும்தான். மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

யாருக்கு இந்த வகுப்பு என்று கேட்பவர்கள் புதன், சனி இரவு ஏழரைக்கு வந்து பார்க்கலாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் ஓட்டுபவர்கள் வருகிறார்கள். காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்கும் அம்மாக்கள் வருகிறார்கள். பிள்ளையின் பள்ளி டைரியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுவந்த தாய்மார்கள் வருகிறார்கள். எம்.சி. ரோடு ஜவுளிக்கடைப் பெண்களுக்கு இரவில் கடை அடைக்கவே நேரமாகிவிடும் என்பதால், அவர்களுக்குக் காலையில் கடை திறக்கும் முன் தனி வகுப்பு.

தமிழே எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்கு ஆங்கிலம் எதற்கு என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு மொழியில் எழுத்தும் ஒலியும் சேரும் விதம் பிடிபட்டால்தான் அடுத்த மொழி சுலபமாக வரும். அதனால் அப்படிப்பட்டவர்களுக்கு ஆசிரியை அம்மா முதலில் தமிழ்தான் சொல்லிக்கொடுக்கிறார். கேள்வி கேட்டவர் ஒருநாளாவது வந்திருந்தால் அதைப் பார்த்திருப்பார். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தின் தொண்டராக இருந்தவர் அந்த அம்மா. “எழுத்து வரிசையில் ஆரம்பித்தால் மூன்றாம் நாள் ஆள் வரமாட்டார். அவர் தினமும் பார்க்கிற சொல்லில் ஆரம்பியுங்கள்” என்றார்.

டிரெய்லர் ஓட்டுநர் தினமும் பார்ப்பது கன்டெய்னர் கதவை. சுங்க முகவர் அலுவலகத்தில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கும் அது பழக்கம். பலகையில் ஒரு கதவை வரைந்தேன். வலக்கதவின் மேலே நான்கு ஆங்கில எழுத்துகள், ஆறு எண்கள், பிறகு கட்டத்துக்குள் ஒற்றை எண். முதல் மூன்று எழுத்துகள் பெட்டி யாருடையது என்பதைச் சொல்லும். நான்காவது பெரும்பாலும் ‘யூ’. கட்டத்துக்குள் இருப்பது, மற்றவற்றைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறோமா என்று கணக்குப் போட்டுச் சரிபார்க்கும் எண். எல்லாமே பெரிய எழுத்துகள் என்பதால் சிறிய எழுத்துகளின் குழப்பத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வகுப்புக்கு வரும் ஒருவர், இந்த எழுத்துகளைப் படம்போலப் பார்த்து உள்ளங்கையில் பேனாவால் வரைந்துகொண்டுபோய் துறைமுக கேட்டில் காட்டிவந்தவர். ‘ஈ’க்கும் ‘எஃப்’புக்கும் அடிக்கோடு ஒன்றுதான் வித்தியாசம். அந்தக் கோடு வியர்வையில் அழிந்தால் வண்டியை ஓரம்கட்டச் சொல்வார்கள். அன்றைய பேட்டா போய்விடும். எண்ணுக்குக் கீழே எழுதியிருக்கும் மேக்ஸ் கிராஸ், டேர், நெட் ஆகியவற்றையும் படித்தோம். பெட்டியும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடை போகலாம் என்பது முதலாவது. பல பெட்டிகளில் அது 30,480 கிலோ. டேர் என்பது வெறும் பெட்டியின் எடை. நெட் என்பது உள்ளே ஏற்றக்கூடிய சரக்கின் எடை. “இத்தனை காலமாக நான் இழுத்த பாரம் அதன் முதுகிலேயே எழுதியிருந்ததா?” என்று கேட்டார். இப்போது வகுப்புக்கு முதலில் வந்து கதவு திறப்பதற்காக நிற்பவர் அவர்தான்.

பேச்சுப் பயிற்சியில் பெரிய தலைவலி ‘ப’. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு எழுத்துகள். அவற்றை வேறுபடுத்திக் காட்ட இந்த அறிக்கையில்கூட எனக்கு வழியில்லை. வாய்க்கு எதிரே உள்ளங்கையை வைத்துச் சொல்லச் சொன்னோம். ஒன்றில் காற்று கையில் அடிக்கும், மற்றதில் அடிக்காது. நம் பகுதித் தெலுங்குச் சகோதரிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் எழுத்திலேயே இரண்டும் உண்டு.

நாற்பதைத் தாண்டிய சிலர் எழுத்து மண்டையில் ஏறவில்லை என்று நின்றுவிடப் பார்த்தார்கள். விசாரித்தால் வெள்ளெழுத்து. பாரிமுனையில் படிக்கும் கண்ணாடிகள் வாங்கிவந்தேன். அடுத்த வகுப்பிலேயே புத்தகத்தில் இருப்பதை வாய்விட்டுப் படித்தார்கள். கண்ணாடி எப்படிக் கல்விச் செலவாகும் என்று தணிக்கையின்போது கேள்வி வந்தது. வேறு எந்தத் தலைப்பில் எழுதுவது என்று திருப்பிக் கேட்டேன். இதுவரை பதில் இல்லை.

கேரம் போட்டிக்கு வருவோம். இருப்பது ஓர் அறை. வாரத்தில் இரண்டு இரவு வகுப்புக்குப் போனால் ஐந்து இரவு மீதம். அந்த ஐந்து இரவுகளில் போட்டி நடத்தக்கூடாது என்று நான் எங்கும் சொல்லவில்லை. மின்கட்டணம் ஏறியது வகுப்பால்தான் என்போருக்கு: இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைக்காமல் போனவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். பொதுவாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறக்குறைய சமம்; கையிருப்பு பெருமைப்படும்படி இல்லை. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி தணிக்கைக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாகவேண்டும். அதற்கான செலவும் இருக்கிறது. உறுப்பினர்களில் பாதிக்குமேல் சந்தா கட்டவில்லை. சிலருக்கு இது இரண்டாம் ஆண்டு. பெயர்களை இங்கே படிப்பதாக இருந்தேன், தலைவர் தடுத்துவிட்டார்.

பந்தலுக்குப் பானை தந்தவர்களுக்கும், மழைநாளில் சமைத்த மகளிருக்கும், நாற்காலி வாடகையில் சலுகை தந்த கடைக்காரருக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பை ஏற்க யார் முன்வந்தாலும் சாவியை மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். கூடவே வகுப்பையும் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள். முன்வரும் எவரும் இல்லையென்றால், வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் தரக்கூடிய நான்கு பேர் எனக்கு வேண்டும். ஆங்கிலப் புலமை தேவையில்லை. மின்கட்டண ரசீதைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும். பழைய தாளில் பெயர் எழுதியவர்கள் மறுபடியும் எழுதவேண்டாம், நேரில் வந்தால் போதும். புதிய வெள்ளைப்பலகை ஒன்றும் தேவைப்படுகிறது. பழையதில் எழுதினால் அழிவதில்லை. சந்தா ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசலருகே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். தேநீர் அந்த மேசையைத் தாண்டித்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

இவண்,
செயலாளர்