எது நானூறு?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து நம் தரைக்கல் பட்டறையில் எனக்கு வேலையே ஓடவில்லை. போனில் பேசினால் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

"வேலை தாமதமாகும்னு நான் முன்னாடியே மெயில் போட்டேனேப்பா, படிக்காதது மேனேஜர் தப்புதானே" என்று கேட்டாய். அந்த மெயிலை வாசித்தும் காட்டினாய். உன் வேலை எனக்குத் தெரியாது. ஆனாலும் சங்கதி எங்கே வரும் என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். போன வாரம் என்ன செய்தீர்கள், யார் உதவினார்கள், எதைச் சோதித்தீர்கள், எல்லாம் வந்தது. கடைசிக்கு முந்தின வரியில்தான் "சில சிக்கல்கள் இருப்பதால் சற்றுத் தாமதமாகலாம்" என்றிருந்தது. எத்தனை நாள் தாமதம்? அவர் என்ன செய்தால் சரியாகும்? அது இல்லை. ஆத்தா, நீ எதையும் மறைக்கவில்லை. ஆனால் அவருக்குப் போய்ச் சேரவும் இல்லை.

நீ பன்னிரண்டாவது படித்தபோது பட்டறையில் ஒன்று நடந்தது. உன் படிப்பு கெடும் என்று அப்போது சொல்லவில்லை. காரைக்குடிப் பக்கம் வீடு கட்டிய ஒருவர் போன் செய்தார். "கூடத்துக்கு நானூறு வேணும், அந்தச் சிவப்புப் பூப் போட்ட கல்லு. தையில குடி போறோம்." நான் "சரிங்க" என்று நோட்டில் 400 என்று எழுதிக்கொண்டேன். அவர் சொன்னது 400 சதுர அடி. நான் எழுதியது 400 கல். எட்டு அங்குலக் கல் சதுர அடிக்கு இரண்டேகால் பிடிக்கும். அவருக்கு வேண்டியது 900. கொத்தனார் பாதிக் கூடம்கூடப் பாவவில்லை, கல் தீர்ந்துவிட்டது.

நம் ஆத்தங்குடிக் கல் அவசரத்துக்கு வராது என்று உனக்கே தெரியும். கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அச்சை இறக்கி, வண்ணச் சிமெண்டைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் தூவி, கலவை போட்டு மட்டம் தட்டி, ஒவ்வொன்றும் கையால்தான். அப்புறம் தொட்டித் தண்ணீரில் ஊற வேண்டும், காய வேண்டும். 500 கல்லுக்கு எங்கே போவேன்? முடிந்த மட்டும் போட்டுக் கொடுத்தேன். அதிலும் புதிதாகக் கலக்கிய சிவப்பு பழைய சிவப்போடு சேரவில்லை. பாதிக் கூடம் வெறும் சிமெண்டுத் தரையாகவே பால் காய்ச்சினார்கள். அந்த வீட்டம்மா திட்டவில்லை. "நாங்க சொன்னோமே" என்றார். நான் "எழுதினேனே" என்றேன். இரண்டுமே உண்மை. தரை மட்டும் அப்படியே கிடந்தது.

அன்றிலிருந்து கேட்டதை நான் திருப்பிச் சொல்லாமல் போனை வைப்பதில்லை. எந்த அளவுக் கல், எத்தனை கல், எத்தனை சதுர அடி, எந்தத் தேதி, எங்கே இறக்கவேண்டும் என்று சொல்லி, அவர் வாயால் "ஆமாம்" வந்தபிறகுதான் நோட்டில் ஏற்றுவேன். ஐப்பசி மழையில் கல் காயவில்லை என்றால் அன்று சாயங்காலமே சொல்லிவிடுகிறேன். கோபப்படத்தான் செய்கிறார்கள். ஆனால் கொத்தனாரை வேறு நாளுக்கு மாற்ற அவர்களுக்கு நேரம் கிடைக்கிறது.

என் தாத்தா செட்டியார் வீட்டில் கணக்கு எழுதியவர். ரங்கூனிலிருந்து கடிதம் கப்பலில் வந்த காலம். ஒரு வார்த்தை விளங்கவில்லை என்று திருப்பிக் கேட்டால் பதில் வர வாரக்கணக்காகும். அதனால் தொகை, வட்டி, தவணைத் தேதி எல்லாம் முதலில் வரவேண்டும், சேமநலம் பிறகு என்பாராம். நொடியில் போகிற மெயிலுக்கும் அதுதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதில் எங்கள் தப்பும் இருக்கிறது. பெரியவர்களிடம் கெட்ட செய்தியைப் பூசி மெழுகிச் சொல்லத்தான் உனக்குப் பழக்கினோம். சாவுச் செய்தியைக்கூட "உடம்பு முடியலை, உடனே கிளம்பி வா" என்றுதானே நம் வீடுகளில் சொல்வது. அது ஊரில் இருக்கட்டும். வேலையில் அப்படிச் சொன்னால் கேட்கிறவர் நிஜமாகவே உடம்புதான் முடியவில்லை என்று நினைத்துக்கொள்வார். மரியாதையைக் குரலில் வை, தேதியில் வைக்காதே. "வெள்ளிக்கிழமை முடியாது சார், புதன்கிழமை தருகிறேன். இதனால் தாமதம், உங்களிடமிருந்து இது வேண்டும்." இதை முதல் வரியிலேயே எழுது. நீங்கள் பட்ட பாடெல்லாம் அதற்குக் கீழே வரட்டும். பெரிய விஷயமானால் மெயிலோடு விடாமல் நேரில் போய் ஒரு வார்த்தை கேள், "பார்த்தீங்களா சார்" என்று.

செவ்வாய்க்கிழமை அவரிடம் பேசுவதாகச் சொன்னாய். அந்த மெயில் யார் தப்பு என்று ஆரம்பிக்காதே. இனி எந்தத் தேதி என்று ஆரம்பி.

பொங்கலுக்கு வருவதாக அம்மாவிடம் சொன்னாயாம். எந்தத் தேதி, பல்லவனா ராத்திரி வண்டியா என்று எழுது. பல்லவன் என்றால் காரைக்குடி ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். அம்மா சீப்புச் சீடைக்கு மாவு திரிக்கக் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா